வழிபாட்டுக்கூடத்தில் ஒருநாள் தீப்பாதுகாப்பு ஆய்வும் வெளியேற்றப் பயிற்சியும்

எங்கள் வழிபாட்டுக்கூடத்துக்காக நிர்வாகக் குழு ஏற்பாடு செய்த இந்தச் சேவையின்போது காலை முதல் மாலை வரை உடனிருந்தேன். பயிற்சியில் குறை சொல்ல ஏதுமில்லை. எச்சரிக்கைக் கருவிகளைப் பற்றிய ஆலோசனைதான் சொத்தை.

வந்த ஆய்வாளர் தீயணைப்பான்களை எண்ணத் தொடங்குவார் என்று எதிர்பார்த்தோம். அவரோ நேராகப் பக்கவாட்டுக் கதவுக்குச் சென்று, முன்னால் அடுக்கியிருந்த மடக்கு நாற்காலிகளை நகர்த்தச் சொல்லிவிட்டுத் தாழ்ப்பாள்களில் கை வைத்தார். மேல்தாழ் இறங்கியது, கீழ்த்தாழோ துருவேறிப்போய், இரண்டு பேர் குனிந்து இழுத்தும் அசையவில்லை. உள்ளிருந்து உடம்பால் தள்ளினாலே வெளிப்புறம் திறந்துகொள்ளும் தள்ளுதண்டைப் பொருத்தும்படி கூறியவர், அதை வெளியிலிருந்து திறக்க முடியாது என்று விளக்கி, எங்கள் திருட்டுப் பயத்தையும் தீர்த்துவைத்தார்.

2022 ஆகஸ்ட் 14 அன்று எகிப்தின் கீசா நகரில், அபு சிஃபைன் தேவாலயத்தில் குளிர்சாதனக் கருவியின் மின்கோளாறால் மூண்ட தீயில் 41 பேர் இறந்ததையும், அவர்களில் பெரும்பாலோரின் உயிரைக் குடித்தவை புகையும் நெரிசலும்தான் என்பதையும் அவர் சொன்ன பிறகே ஒத்திகை தொடங்கியது. முதல் முறை, அருகிலேயே பக்கக் கதவு திறந்திருக்க, ஏறத்தாழ அனைவரும் அதைக் கடந்து, தாங்கள் உள்ளே வந்த தலைவாசலுக்கே சென்றார்கள் (நானும்தான்). இரண்டாம் முறை கதவுக்கொரு தொண்டர் நின்று கைகாட்டியதும், சக்கர நாற்காலியில் வந்தவருக்கு இருவரைத் துணையாக முன்கூட்டியே குறித்துவைத்ததும் நெரிசலைப் பெருமளவு குறைத்தன.

உயரமான கூரையை எட்டுமுன்பே புகை குளிர்ந்து பரவிவிடும் என்பதால், அத்தகைய கூடங்களுக்கு ஒளிக்கற்றையால் புகையை அறியும் உணரிகளே ஏற்றவை. அறிக்கையிலோ, அலுவலக அறைக்குப் பரிந்துரைத்த அதே சாதாரண உணரி கூடத்துக்கும் பரிந்துரைக்கப்பட்டிருக்கிறது. தீ மூண்ட பகுதியைக் காட்டும் எச்சரிக்கைப் பலகையில், அது எந்த இடம் என்று சொல்லாமல் ‘பகுதி 2’ என்று மட்டும் எழுதியிருப்பதையும் அவர் கண்டுகொள்ளவில்லை. பாரிஸ் நோத்ர தாம் பேராலயத்தில் 2019 ஏப்ரல் 15 அன்று எச்சரிக்கை ஒலித்தும், காவலர் தவறான இடத்துக்கு அனுப்பப்பட்டதால் ஏறக்குறைய அரை மணி நேரம் வீணானதை அறிந்த எவரும் அந்தப் பலகையை அப்படியே விட்டுவைக்க மாட்டார்கள்.

கீழ்த்தாழை அகற்றித் தள்ளுதண்டு பொருத்தியாகிவிட்டது. அடுத்த ஒத்திகைக்கும் இவர்களையே அழைப்போம். உணரிகளுக்கு மட்டும் வேறொரு வல்லுநரைத் தேடிக்கொண்டிருக்கிறோம்.