மக்காச்சோளமா, கோதுமையா? கறிக்கோழித் தீவனத்தில் நொதியின் கணக்கு

கோதுமைத் தீவனம் போடும் கொட்டகைக்குள் நுழைந்தால் முதலில் தரையைப் பாருங்கள். அங்கே பரப்பியிருக்கும் ஆழ்கூளத்தை அள்ளிப் பிடித்தால் உருண்டையாக ஒட்டிக்கொள்கிறதா? குற்றவாளி பெரும்பாலும் கோதுமையின் மாவுச்சத்து அல்ல. அதைச் சூழ்ந்திருக்கும் அராபினோசைலான் என்ற நார்ப்பொருள். குடலில் அது கரைந்து கஞ்சிபோல் கொழகொழத்து, செரிமான நொதிகளை மாவுச்சத்தின் பக்கம் நெருங்கவிடாது. எச்சம் ஈரமாகும், பாதத்தில் புண் வரும். இந்த நாரை அறுக்கும் நொதி கோழிக்குச் சொந்தமாகக் கிடையாது. சைலனேஸ் என்ற அந்த நொதியைத் தீவனத்தில் சேர்த்தால் பிசுபிசுப்பு இறங்கிவிடும். கோதுமையை நம்பியிருக்கும் பிரிட்டனிலும் ஆஸ்திரேலியாவிலும் அது தீவனத்தின் வழக்கமான சேர்மானம்.

மக்காச்சோளத்தில் இந்தத் தொல்லை மிகக் குறைவு. எரிசக்தியும் கிலோவுக்குச் சுமார் 3,300 கிலோகலோரி. கோதுமையில் 3,100 அளவுதான். புரதத்தில் மட்டும் கோதுமை முந்துகிறது.

மக்காச்சோளத்துக்கு அமிலேஸ் என்ற, மாவுச்சத்தைச் செரிக்கும் நொதியை விற்பவர்கள் சொல்வதை நான் பாதிதான் நம்புவேன். கோழியின் கணையமே அதைத் தாராளமாகச் சுரக்கிறது. இளங்குஞ்சுகளிடமோ, அதிக வெப்பத்தில் உலர்த்தி இறுகிய மணிகளிலோ பலன் தெரியலாம். மற்றபடி அந்தக் காசில் ஓர் ஈரமானி வாங்கி, 14 விழுக்காட்டுக்கு மேல் ஈரமுள்ள மூட்டைகளைத் திருப்பி அனுப்புவது மேல். ஈர மணியில் வளரும் பூஞ்சையின் நச்சுக்கு அமிலேஸ் மருந்தல்ல.

எதை வாங்கினாலும், நொதியும் ஒரு புரதமே. தீவனத்தைக் குச்சிகளாக அழுத்தும் ஆலையின் 85 டிகிரி நீராவியில் அது செத்துவிடலாம். வெப்பம் தாங்கும் வகையா என்று கேளுங்கள். இல்லையென்றால் குச்சி ஆறிய பிறகு திரவமாகத் தெளிக்க வேண்டும்.