விஸ்லாவா, ஜெர்மன் பாயிண்டரா? எங்களுக்கு விடை சொன்னது வாசற்கதவு

விஸ்லா, ஜெர்மன் ஷார்ட்ஹேர்ட் பாயிண்டர் என்ற இரண்டு வேட்டை நாய் இனங்களில் எதை வாங்குவது என்று வீட்டில் ஏறக்குறைய ஒரு வருஷம் பேசிக்கொண்டிருந்தோம். கடைசியில் விஸ்லாதான் வந்தாள். இப்போது அவளுக்கு நான்கு வயது. இதை எழுதும்போது என் பாதத்தின் மேல் முகவாயை வைத்துப் படுத்திருக்கிறாள். தண்ணீர் குடிக்க நான் எழுந்தால் அவளும் எழுந்து கூடவே வருவாள். அதனால் நான் எந்தப் பக்கம் சாய்கிறேன் என்பதை மறைக்கப் போவதில்லை. பாயிண்டரையும் ஓரளவு தெரியும். தம்பி ஒன்று வளர்க்கிறான். அவன் வெளியூர் போன இரண்டு முறையும், மொத்தம் ஏழு வாரம், அந்த நாய் எங்களோடுதான் இருந்தது.

பார்வைக்கும் வேலைக்கும் இரண்டும் பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் மாதிரி. விஸ்லா ஹங்கேரி நாட்டு நாய், பாயிண்டர் ஜெர்மனியில் உருவானது. பறவை பதுங்கியிருக்கும் இடத்தை மோப்பத்தில் கண்டுபிடித்து, ஒரு முன்காலை மடக்கி அப்படியே உறைந்து நின்று காட்டுவதும், விழுந்த பறவையைப் பல் படாமல் கவ்விக்கொண்டு வருவதும் இரண்டுக்கும் பிறவியிலேயே உண்டு. உயரமும் கிட்டத்தட்ட ஒன்றுதான். நாய் இனங்களைப் பதிவு செய்யும் அமைப்பான அமெரிக்கன் கென்னல் கிளப் அளவுப்படி ஆண் விஸ்லா 22 முதல் 24 அங்குலம், ஆண் பாயிண்டர் 23 முதல் 25 அங்குலம். பாயிண்டருக்குச் சதைப்பிடிப்பு கொஞ்சம் கூடுதல். நிறத்தில் குழப்பமே வராது. விஸ்லா உடம்பெங்கும் துருவேறிய பொன்னிறம், மூக்குகூடப் பழுப்புதான். பாயிண்டர் பெரும்பாலும் ஈரல் நிறத்தில் இருக்கும், அல்லது அதோடு வெள்ளை கலந்து புள்ளி புள்ளியாக இருக்கும்.

மயிர்ப் பராமரிப்பில் சொல்லப் பெரிதாக ஒன்றுமில்லை. வாரம் ஒரு முறை ரப்பர் கையுறையால் தேய்த்தால் போதும். உதிர்வது குட்டை மயிர் என்றாலும் உதிரத்தான் செய்யும், துணியில் ஊசி மாதிரி குத்தி நிற்கும். விஸ்லாவுக்கு மேல் மயிருக்குக் கீழே அடர்ந்து வளரும் அடிமயிர் கிடையாது என்பதால் குளிர் சீக்கிரம் தாக்கும். பாயிண்டருக்கு அடிமயிர் உண்டு, குளிர்ந்த தண்ணீரிலும் தயங்காமல் இறங்கும். இரண்டுக்கும் தொங்கு காதுகள், நனைந்தால் உள்பக்கம் துடைத்துக் காயவிட வேண்டும்.

ஓட்ட விஷயத்திலும் பெரிய வித்தியாசம் இல்லை. வளர்ந்த நாய்க்குத் தினமும் ஒன்றரை, இரண்டு மணி நேரம் தேவை, அதில் ஒரு பகுதியாவது வார் இல்லாமல் ஓட வேண்டும். குட்டியிடம் மட்டும் இந்தக் கணக்கைப் போடக் கூடாது. எலும்பின் வளர்ச்சி முனைகள் மூட ஒரு வருஷத்துக்கு மேல் ஆகும். அதுவரை கெட்டித் தரையில் சைக்கிளோடு ஓடவிடுவது, உயரத்திலிருந்து குதிக்கவிடுவது எல்லாம் மூட்டைப் பதம்பார்த்துவிடும். கூப்பிட்டால் வருவது நன்றாகப் படியும்வரை பத்து மீட்டர் நீளக் கயிறுதான் துணை.

நோய்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. இரண்டிலும் இடுப்பு மூட்டுக் கோளாறு வரலாம், தாய் தகப்பன் இரண்டுக்கும் எடுத்த எக்ஸ்ரே முடிவைக் கேட்டு வாங்குங்கள். விஸ்லாவில் வலிப்பு வரும் பரம்பரைகள் உண்டு. தாடைத் தசையும் விழுங்கும் தசையும் அழற்சியில் மெலியும் ஒரு நோயும் உண்டு. வளர்ப்பவரிடம் இரண்டையும் தனித்தனியாகக் குறிப்பிட்டே கேட்க வேண்டும். ஆழமான மார்புள்ள இந்த நாய்களுக்கு, பாயிண்டருக்குக் குறிப்பாக, வயிறு காற்றடைத்து முறுக்கிக்கொள்ளும் ஆபத்து இருக்கிறது. வயிறு உப்பி, வாந்தி வராமல் ஓங்கரித்துக்கொண்டே இருந்தால் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது, அந்த நிமிஷமே மருத்துவரிடம் ஓட வேண்டும்.

சரி, இனி எங்கள் முடிவைத் தீர்மானித்த விஷயத்துக்கு வருகிறேன். நாய் ஒரு நாளில் எத்தனை மணி நேரம் தனியாக இருக்க வேண்டிவரும்? நான் பெரும்பாலும் வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறேன். விஸ்லா எங்களுக்கு ஒத்துவந்ததற்கு முக்கியக் காரணம் அதுதான்.

விஸ்லா வேட்டைக்காரனின் கண்ணெதிரிலேயே, அதிக தூரம் விலகாமல் வேலை செய்யப் பழக்கப்பட்ட நாய். ஓடிப் போய் ஓர் இடத்தை மோந்துவிட்டுத் திரும்பி நம் முகத்தைப் பார்க்கும். வயலில் குணமாகத் தெரிவது வீட்டுக்குள் ஒட்டுதலாக மாறுகிறது. குளியலறைக் கதவு வரைக்கும் பின்னால் வருவது, உட்கார்ந்தால் முழு பாரத்தையும் தொடை மேல் சாய்ப்பது எல்லாம் மனசு நிறையும் விஷயங்கள்தான். ஆனால் அந்த ஒட்டுதலுக்கு மறுபக்கம் இருக்கிறது. அவளுக்கு ஆறு மாதம் இருக்கும்போது ஒருநாள் நாற்பது நிமிஷம் வெளியே போக வேண்டியிருந்தது. போகும்முன் அலைபேசியை அலமாரியில் சாய்த்துப் படம்பிடிக்க வைத்தேன். திரும்பி வந்து பார்த்தால், நாற்பது நிமிஷமும் அவள் படுக்கவே இல்லை. கதவின் கீழ் இடுக்கில் மூக்கை வைத்து நின்றபடி மூச்சிரைத்துக்கொண்டிருந்தாள். அங்கே தரையில் எச்சில் குளம்போலத் தேங்கியிருந்தது. ஒரு பொருளையும் கடிக்கவில்லை, ஒருமுறையும் குரைக்கவில்லை. படம் எடுக்காமல் இருந்திருந்தால் சமர்த்தாக இருந்தாள் என்றே நினைத்திருப்பேன்.

அதற்கப்புறம் எட்டு மாதம் இதே வேலையாக இருந்தோம். முதலில் சாவிக்கொத்தை எடுத்து, எங்கேயும் போகாமல் மறுபடி உட்கார்ந்துவிடுவேன். சாவிச் சத்தத்துக்கு அவள் தலை தூக்காத நாள் வரைக்கும் அதுவேதான். அடுத்தது கதவைத் திறந்து மூடுவது. பிறகு வெளியே ஐந்து விநாடி, பதினைந்து விநாடி, ஒரு நிமிஷம். கொட்டாவி விட்டாலோ, உதட்டை நக்கிக்கொண்டே இருந்தாலோ, பிடித்த தீனியைத் தொடாமல் விட்டாலோ அவளுக்கு அந்த நேரம் அதிகம் என்று அர்த்தம், மறுநாள் பாதியாகக் குறைப்போம். அந்த மாதங்களில் நானும் மனைவியும் ஒன்றாக வெளியே போனதே இல்லை, ஒருவர் மாற்றி ஒருவர் வீட்டில் இருந்தோம். இப்போது மூன்று மணி நேரம் நிம்மதியாகத் தூங்குகிறாள். அதற்கு மேல் நாங்கள் முயன்றதில்லை.

இதில் நான் முதலில் தப்பாகப் புரிந்துகொண்டதும் ஒன்று உண்டு. நன்றாக ஓடவிட்டால் களைத்துப் படுத்துவிடுவாள் என்று நம்பினேன். களைத்த நாயும் பயப்படும். ஓட்டத்தைக் கூட்டக் கூட்ட அதன் தம்தான் கூடும், பயம் குறையாது. எங்களுக்குக் கைகொடுத்தது மோப்ப விளையாட்டு. தீனியைப் புல்லில் தூவிவிட்டுத் தேடச் சொல்வேன். பதினைந்து நிமிஷத்தில் மூச்சு நிதானமாகி, தானே போய்ப் படுத்துவிடுவாள். இன்னொரு நாய் வாங்கினால் சரியாகிவிடும் என்றும் சிலர் சொன்னார்கள். அவள் தேடியது மனுஷரை, நாயை அல்ல.

பாயிண்டரின் தனிமை வேறு மாதிரி. தம்பியின் நாயை அதே அறையில், அதே அலைபேசி முன்னால் விட்டுப் பார்த்தேன். முதல் இருபது நிமிஷம் தூக்கம். பிறகு எழுந்து அறையைச் சுற்றி வந்தது. கைப்பிடியை முன்காலால் அழுத்திக் கதவைத் திறந்துகொண்டு போய்விட்டது. வந்து பார்த்தபோது பின்பக்கம் ஆளுயரச் சுவரின் மேல் முன்கால்களை ஊன்றி நின்றது. அதற்குப் பயம் இல்லை, போரடித்தது, அவ்வளவுதான். போரடிக்கும் நாய்க்கு வேலை கொடுக்கலாம், வேலியை உயர்த்தலாம், தாழ்ப்பாளை மாற்றலாம். பயந்த நாய்க்குப் பொறுமையைத் தவிர வேறு மருந்து எனக்குத் தெரியவில்லை. பகலில் நான்கைந்து மணி நேரம் வீடு பூட்டியிருக்கும் குடும்பத்துக்கு, உறுதியான வேலி இருந்தால், பாயிண்டர்தான் ஏற்றது என்று நினைக்கிறேன். ஆனால் நான் பார்த்தது ஒரே ஒரு பாயிண்டரை. தனிமை தாங்காத பாயிண்டர்களும் உண்டு. பரம்பரையும், குட்டியில் பழக்கிய விதமும் நிறையவே மாற்றும்.

திட்டுவதை ஏற்கும் விதத்திலும் இதே வேறுபாடுதான். பாயிண்டரிடம் குரலை உயர்த்தினால் அரை நிமிஷத்தில் மறந்துவிட்டு வாலாட்டி வரும். என் விஸ்லாவிடம் ஒருமுறை, செருப்பைத் தூக்கியதற்காக, கொஞ்சம் சத்தமாகப் பேசிவிட்டேன். அன்று சாயங்காலம் முழுக்க மேஜைக்கு அடியிலேயே கிடந்தாள். அவளுக்கு எதையாவது கற்றுத்தர வேண்டுமென்றால் தீனியும் மெல்லிய குரலும்தான் வழி. குழந்தைகள் உள்ள வீட்டுக்கு இரண்டும் நல்ல நாய்களே. ஆனால் குட்டி வயதில் இரண்டுமே ஓடிவந்து தள்ளிவிடும். நடை பழகும் குழந்தையோடு தனியாக விட வேண்டாம்.

வேட்டைக்களத்தில் எது மேல் என்பதை நான் சொல்லக் கூடாது. நாங்கள் வேட்டைக்குப் போவதில்லை, அவளுடைய வேட்டையெல்லாம் புல்வெளியில் ஒளித்துவைக்கும் துணிப் பொம்மையோடு முடிந்துவிடுகிறது.

பகல் முழுக்க எட்டு, ஒன்பது மணி நேரம் ஆளில்லாத வீடு என்றால் இந்த இரண்டின் குட்டியையும் வாங்காதீர்கள். ஆசை விடவில்லையென்றால், வேறு வீடு தேடும் ஐந்தாறு வயது நாயாகப் பாருங்கள், அந்த வயதில் அதன் குணம் வெளிப்படையாகத் தெரிந்திருக்கும். அதைக் கொண்டுவரும் முன், இப்போதிருக்கும் வீட்டிலேயே ஒரு மணி நேரம் தனியாக விட்டுப் படம்பிடிக்கச் சொல்லிக் கேளுங்கள். அந்தப் படத்தில் நாய் எத்தனை நிமிஷம் படுத்திருந்தது என்பதை முதலில் பாருங்கள்.