பணியில் இருக்கும் பட்டாளத்துக்காரர்களே, பிள்ளைகளின் உதவித்தொகைக்கு இந்த மாதிரி மையங்களில் பணம் கட்டாதீர்கள்

18,500 ரூபாய். ஒரு ஹவில்தார் வீட்டில் அது எவ்வளவு பெரிய தொகை என்று பட்டாளத்தில் இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. உதவித்தொகை வாங்கித் தருகிறேன் என்று ஒரு கடைக்காரன் என் மகளின் படிப்பைக் காட்டி அந்தப் பணத்தை வாங்கிக்கொண்டு, இப்போது போனைக்கூட எடுப்பதில்லை. லீவு முடிந்து யூனிட்டுக்குக் கிளம்புவதற்குள் எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன். என்ன நடந்தது, எங்கே ஏமாற்றுகிறார்கள், உண்மையில் நமக்கு என்னென்ன உண்டு என்று எல்லாவற்றையும் சொல்கிறேன். தயவுசெய்து பகிருங்கள். எல்லையில் நிற்கிறவர்களின் வீட்டில் இருக்கும் பெண்களுக்கு இது போய்ச் சேர வேண்டும்.

கடையின் பெயரைப் போடவில்லை. போலீசில் புகார் கொடுத்திருக்கிறேன், அது நடக்கட்டும். எப்படிப்பட்ட கடை என்று மட்டும் சொல்கிறேன். வேலூர் மாவட்டத்தில் பஸ் ஸ்டாண்டை ஒட்டி, ஜெராக்ஸ் கடைக்கு மேல்மாடியில், 'கல்வி உதவித்தொகை, கல்விக் கடன் ஆலோசனை' என்று பலகை மாட்டிய இடம். பலகையில் மூவண்ணக் கொடி. அதற்குக் கீழே ராணுவக் குடும்பங்களுக்குத் தனிக் கவனம் என்று ஒரு வரி. அந்த வரி யாருக்காக என்பது எங்கள் பக்கத்து ஆட்களுக்குப் புரியும். கம்மவான்பேட்டை மாதிரி, தலைமுறை தலைமுறையாகப் பட்டாளத்துக்கு ஆள் போகிற ஊர்கள் உள்ள மாவட்டம் இது. அப்பன் எங்கேயோ பனியில் கிடப்பான். பிள்ளையின் அட்மிஷன், சர்டிபிகேட், பேங்க் என்று அத்தனையும் அம்மா தலையில் விழும். அந்தத் தூரத்தை வைத்துத்தான் இவர்கள் சம்பாதிக்கிறார்கள்.

மகளுக்கு இந்த வருடம் பி.இ. சேர இடம் கிடைத்தது. நல்ல மதிப்பெண் எடுத்த பிள்ளை. கவுன்சலிங் முடிந்து கட்டணத்துக்கு ஓடிக்கொண்டிருந்த நேரம் நான் லீவில் வந்திருந்தேன். பக்கத்துத் தெருவில் ஓய்வு பெற்ற சுபேதார் ஒருவர், தன் மகளுக்குப் பிரதமர் கல்வி உதவித்தொகை வருவதாகச் சொன்னார். பெண் பிள்ளைக்கு மாதம் 3,000 கணக்கில் வருடத்துக்கு 36,000 ரூபாய், பையன் என்றால் மாதம் 2,500. அவர் சொன்னது அத்தனையும் உண்மை. ஆனால் அவர் ஓய்வு பெற்றவர், நான் இன்னும் பணியில் இருக்கிறவன். இந்த ஒரு வித்தியாசத்தில்தான் அந்தக் கடைக்காரன் புகுந்தான்.

மாடி ஏறிப் போனதும் நாற்காலியை விட்டு எழுந்து நின்று, "ஜெய் ஹிந்த் சார்" என்றான். முப்பத்தைந்து வயதுக்குள்தான் இருக்கும். சுவரில் யூனிபார்மில் ஒருவர் படம், மாலை போட்டு. "எங்கப்பா சார். வெலிங்டன்லதான் ட்ரெயினிங்" என்றான். அப்புறம் அவன் கேட்ட முதல் கேள்வி இது: "பாப்பா பேரு பார்ட் டூ ஆர்டர்ல எப்படி இருக்கு சார்? ஆதார்ல இருக்கிற அதே எழுத்து இருக்கணும். இல்லன்னா ரெகார்ட் ஆபீஸ்ல இழுத்துடுவாங்க."

பட்டாளத்துக்கு வெளியே இதெல்லாம் யாருக்குத் தெரியும்? கல்யாணம் ஆனாலும் பிள்ளை பிறந்தாலும் யூனிட்டில் பார்ட் டூ ஆர்டர் போட்டு ரெகார்டில் ஏற்றினால்தான் அந்தப் பெயருக்கு எதுவும் கிடைக்கும். ஒரு எழுத்து மாறியிருந்தாலும் திருத்துவதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். அந்தக் கஷ்டத்தைத் தெரிந்துகொண்டு ஒருவன் பேசுகிறான் என்றால் நம்ம ஆள் என்றுதான் யாருக்கும் தோன்றும். என் மனைவியும் அப்படித்தான் நினைத்தாள், நானும் அப்படித்தான் நினைத்தேன்.

நான் நேரடியாகவே கேட்டேன். "நான் இன்னும் சர்வீஸில் இருக்கிறேன், எனக்குக் கிடைக்குமா?" என்று. கொஞ்சமும் தயங்கவில்லை அவன். "அது பழைய ரூல் சார். இப்ப சர்விங்ல இருக்கிறவங்களுக்கும் உண்டு. டெல்லியில நமக்கு ஆள் இருக்காங்க, நீங்க நிம்மதியா டியூட்டிக்குப் போங்க." இன்னொருவருக்குப் பணம் வந்த குறுஞ்செய்தியைத் தன் போனில் காட்டினான். பதிவுக் கட்டணம் 3,500. டெல்லி செலவு என்று 15,000. கிடைக்காவிட்டால் 15,000 அப்படியே திரும்பி வரும் என்று என் மனைவி முன்னால் சொன்னான். பணத்தை ஜிபேயில் அனுப்பினேன். கடையின் பெயர் வரவில்லை, ஒரு பெண்ணின் பெயர் வந்தது. கேட்டதற்கு, "அக்கவுண்ட்ஸ் பாக்கறவங்க சார்" என்றான். ஆக மொத்தம் 18,500.

ஒரு ரோஸ் கலர் ரசீது கொடுத்தான். அதில் 'ஆலோசனைக் கட்டணம்' என்று மட்டும் எழுதியிருந்தது. அடியில் ரப்பர் ஸ்டாம்பில் ஒரு வரி, அதன் மேலேயே மடித்து ஸ்டேப்ளர் பின் அடித்திருந்தான். பல நாள் கழித்துப் பின்னைப் பிரித்துப் பார்த்தபோதுதான் 'கட்டணம் திருப்பித் தரப்படமாட்டாது' என்று இருப்பது தெரிந்தது.

நான் யூனிட்டுக்குத் திரும்பினேன். நான் இருக்கிற இடத்தில் சாயங்காலம் கொஞ்ச நேரம்தான் சிக்னல். அந்த நேரத்தில் வீட்டுக்குப் பேசுவதா, இவனுக்குப் பேசுவதா? முதலில் எடுத்துப் பேசினான். சர்வர் டவுன் என்றான். அப்புறம், ஃபைல் டெல்லியில் பெண்டிங் என்றான். அதற்கப்புறம் அதிகாரி மாறிவிட்டார் என்றான். போகப் போக ஒரு பெண் எடுத்து, சார் மீட்டிங்கில் இருக்கிறார், சார் வெளியூர் என்று சொல்ல ஆரம்பித்தாள். மனைவி நேரில் போனால் பிளாஸ்டிக் நாற்காலியில் மத்தியானம் வரைக்கும் உட்கார வைத்து, நாளைக்கு வாங்க என்று அனுப்பினார்கள். ஒரு தடவை அவனே இருந்திருக்கிறான். அவளைப் பார்த்து, "ஏன்க்கா, சார் மிலிட்டரிதானே? அவருக்கே பொறுமை இல்லன்னா எப்படி?" என்று மற்றவர்கள் முன்னால் கேட்டிருக்கிறான். அதை அவள் போனில் சொன்னபோது எனக்கு வந்த கோபம் இன்னும் இறங்கவில்லை.

கடைசியில் அவனே கூப்பிட்டான். ஒரு வழி இருக்கிறதாம். முன்னாள் படைவீரர் என்று ஒரு சான்றிதழ் 'ஏற்பாடு' பண்ணிவிடலாமாம், இன்னும் 8,000 ரூபாய் ஆகுமாம். பணியில் இருக்கிறவன் ஓய்வு பெற்றதாகப் பொய்ச் சான்றிதழ் கொடுத்தால் என்ன ஆகும்? கோர்ட் மார்ஷல் வரைக்கும் போகும். இத்தனை வருட சர்வீஸ், பென்ஷன், மானம் எல்லாம் போகும். எட்டாயிரம் ரூபாய்க்காக என்னை அங்கே கொண்டுபோய் நிறுத்தப் பார்த்தான். அன்றைக்கே பணத்தைத் திருப்பிக் கேட்டேன். "ரசீதைப் படிங்க சார், அது ஆலோசனைக் கட்டணம். ஆலோசனை கொடுத்தாச்சு" என்றான். போலீசுக்குப் போவேன் என்றேன். "தாராளமா போங்க" என்று வைத்துவிட்டான். அதோடு என் நம்பரையும் மனைவியின் நம்பரையும் பிளாக் செய்துவிட்டான்.

அடுத்த லீவில் வந்ததும் முதல் வேலையாக மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்குப் போனேன். அங்கே இருந்தவர் நான் முழுதாகச் சொல்லி முடிப்பதற்குள்ளேயே, "சர்விங்கா? இந்த ஸ்கீம் உங்களுக்குக் கிடையாதே" என்றார். பிரதமர் கல்வி உதவித்தொகை என்பது முன்னாள் படைவீரர் நலனைப் பார்க்கும் மத்திய சைனிக் போர்டு கொடுப்பது. ஓய்வு பெற்றவர்களின் பிள்ளைகளுக்கும், பணியில் உயிர் விட்டவர்களின் பிள்ளைகளுக்கும், படைவீரரான கணவரை இழந்த பெண்களுக்கும் உள்ள திட்டம். தொழிற்படிப்பில் முதலாமாண்டு சேர்ந்தவர்கள்தான் போட முடியும், தகுதிப் படிப்பில் குறைந்தது 60 சதவீதம் வேண்டும். சைனிக் போர்டின் இணையதளத்தில் நாமே போடலாம். விண்ணப்பத்துக்கு ஒரு பைசா கட்டணம் கிடையாது. கட்டணமே இல்லாத ஒன்றுக்கு, அதுவும் எனக்குத் தகுதியே இல்லாத ஒன்றுக்கு, 18,500 ரூபாய் வாங்கியிருக்கிறான்.

விண்ணப்பம் போட்டாச்சு என்று அவன் கொடுத்த தாளையும் காட்டினேன். அது ஒப்புகைச் சீட்டே இல்லை. இணையதளத்தில் ஒரு கணக்கு தொடங்கினால் வரும் மின்னஞ்சலின் பிரிண்ட். அதில் போன் நம்பரும் மின்னஞ்சலும் அவனுடையது. ஓ.டி.பி. எது வந்தாலும் அவனுக்குத்தான் போகும். என் பெயரில், என் சர்வீஸ் நம்பரை வைத்து, அவன் போனில் ஒரு கணக்கு.

பணம் போனதுகூட ஒரு பக்கம். என் அடையாள அட்டை நகல், யூனிட் விலாசம், யூனிபார்ம் போட்ட போட்டோ, குடும்பத்தார் ஆதார் எல்லாம் அவனிடம் இருக்கிறது. ஆன்லைனில் பழைய பைக், கட்டில், பீரோ விற்கிறேன் என்று ராணுவ அடையாள அட்டையைக் காட்டி முன்பணம் வாங்கிக்கொண்டு ஓடுகிற கும்பல்கள் இருப்பது எல்லோருக்கும் தெரியும். அந்த அட்டைகள் எங்கிருந்து கிடைக்கின்றன என்று நான் முன்பு யோசித்ததில்லை. இப்போது அதை நினைத்தால் தூக்கம் வரவில்லை. நாளைக்கு யாரோ ஒருவர் என் படத்தைப் பார்த்துப் பணம் கட்டி ஏமாந்தால் என் யூனிட்டில் நான் என்ன பதில் சொல்வது?

ஒன்பதாம் வகுப்பு படிக்கிற மகனின் பள்ளிச் சான்றிதழையும், அசலாகவே, வாங்கி வைத்துக்கொண்டான். குழந்தைகள் கல்விப் படியையும் சேர்த்து வாங்கித் தருகிறேன் என்றான். அந்தப் படியை வெளியாள் யாரும் வாங்கித் தர முடியாது. பள்ளியில் தலைமை ஆசிரியரிடம் சான்றிதழ் வாங்கி யூனிட்டில் கொடுத்தால், கிளெர்க் கிளெய்ம் போடுவார், சம்பளக் கணக்கில் ஏறும். மூத்த இரண்டு பிள்ளைகளுக்கு, பன்னிரண்டாம் வகுப்பு வரை, ஒரு பிள்ளைக்கு மாதம் 2,250 என்று இருந்தது 2024 ஜனவரியிலிருந்து 2,812 ரூபாய் 50 காசு. ஹாஸ்டலில் விட்டுப் படிக்க வைக்கிறவர்களுக்கு ஹாஸ்டல் மானியம் உண்டு, அது 6,750லிருந்து 8,437 ரூபாய் 50 காசு ஆகியிருக்கிறது. மகனின் சான்றிதழ் அவனிடம் மாட்டிக்கொண்டதால் பள்ளியில் கெஞ்சி இன்னொன்று வாங்க வேண்டியதாயிற்று.

அந்த 36,000 வரும் என்ற நம்பிக்கையில் வைத்திருந்த கணக்கெல்லாம் குலைந்தது. கடைசியில் ஃபண்டிலிருந்து எடுத்தேன். நம் சம்பளத்தில் மாதாமாதம் பிடிக்கிற ஏ.எஃப்.பி.பி. ஃபண்டிலிருந்து, அதாவது பட்டாளத்துக்காரர்களின் வருங்கால வைப்பு நிதியிலிருந்து, பிள்ளைகளின் மேல்படிப்புக்குப் பணம் எடுக்க வழி இருக்கிறது, யூனிட் வழியாகவே விண்ணப்பம் போகும். ஹெட் கிளெர்க் சாப் உட்கார்ந்து எழுதிக் கொடுத்தார், ஒரு டீக்குக்கூடக் காசு வாங்கவில்லை. அதற்குள் கல்லூரியில் அபராதத்தோடு கட்ட வேண்டிய நிலைமை. மகள் ஒன்றும் சொல்லவில்லை, அம்மாவின் வளையலை வைக்கட்டுமா என்று மட்டும் கேட்டாள். பதினேழு வயதுப் பிள்ளை கேட்கிற கேள்வியா அது?

விவரமாக எழுதலாம் என்று ஆரம்பித்தேன். நாளை ரயில், இன்னும் டிரங்குப் பெட்டிகூடக் கட்டவில்லை. அவசரத்தில் முக்கியமானதை மட்டும் சொல்கிறேன்.

பணியில் இருக்கிறவர்களுக்கு உள்ளது வேறு, ஓய்வு பெற்றவர்களுக்கு உள்ளது வேறு. யாராவது இரண்டையும் கலந்து பேசினால் எழுந்து வந்துவிடுங்கள். உங்களுக்கு என்ன உண்டு என்று யூனிட் ஆபீஸில் கேளுங்கள். ஊரில் இருக்கிற குடும்பத்தார் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்கு நேரே போகலாம், பணியில் இருப்பவர்களின் குடும்பம் என்றாலும் சரியான வழியைச் சொல்லி அனுப்புவார்கள். கல்விக் கடனுக்கும் இதே மாதிரி கட்டணம் வாங்குகிறார்கள். வித்யாலட்சுமி இணையதளத்தில் இலவசமாகவே விண்ணப்பிக்கலாம். அசல் சான்றிதழை எவனிடமும் விடாதீர்கள். உங்கள் விண்ணப்பத்தில் உங்கள் போன் நம்பர்தான் இருக்க வேண்டும். பணம் போய்விட்டது என்று தெரிந்த உடனே சைபர் மோசடிப் புகாருக்கான 1930 என்ற எண்ணுக்குக் கூப்பிடுங்கள், தள்ளிப் போடப் போட மீட்பது கஷ்டம்.

என்னிடம் ரசீது, ஜிபே விவரம், அவன் பேசியதில் இரண்டு ஒலிப்பதிவுகள் எல்லாம் இருக்கின்றன. எல்லாவற்றையும் புகாரோடு கொடுத்திருக்கிறேன். இதே மாதிரி மாடியில் இதே மாதிரி பலகை பார்த்துப் பணம் கட்டியவர்கள் எங்கள் மாவட்டத்தில் இன்னும் இருப்பார்கள். வெட்கப்பட்டுக்கொண்டு வீட்டிலேயே இருக்காமல் நீங்களும் போய்ப் புகார் கொடுங்கள். தனி ஆளாக நான் கொடுத்த 18,500 ரூபாய் புகாரை ஓரமாக வைத்துவிடலாம், பத்துப் பேர் கொடுத்தால் வைக்க முடியாது. நான் ஊரில் இல்லாத நாட்களில் என் மனைவி ஸ்டேஷனுக்குப் போய்க் கேட்டுக்கொண்டுதான் இருப்பாள்.