ஜூன் கடைசியில் டொர்னேடோ துரத்தும் சுற்றுலா: கொடுத்த காசுக்குத் தகுமா?

அமெரிக்காவில் புயல் துரத்தும் சுற்றுலா என்றால், டொர்னேடோ என்னும் தரை தொடும் சுழல்காற்றையும் இடிமேகங்களையும் வேனில் தேடிப் போய்ப் பார்ப்பது. அதில் மே மாத இடங்கள்தான் முதலில் விற்றுத் தீரும். நான் விழித்துக்கொண்டு விசாரித்தபோது மிச்சம் இருந்தது ஜூன் கடைசி வாரம் மட்டும், விலையும் கொஞ்சம் குறைவு, சரி என்று போட்டுவிட்டேன். டென்வரில் வேன் ஏறி டென்வரிலேயே இறங்க வேண்டும். நடுவில் எந்த ஊர், எந்த மோட்டல் என்பது அன்றைய வானம் பார்த்துத்தான் முடிவாகும். நிறுவனத்தின் பெயரைச் சொல்லவில்லை.

முதலில் வழிகாட்டி. அந்த மனுஷனுக்கு மட்டும் தனியாக ஐந்து நட்சத்திரம் கொடுக்கலாம். காலையில் மோட்டல் சாப்பாட்டு அறையிலேயே நார்மனில் இருக்கும் புயல் முன்கணிப்பு மையத்தின் வரைபடத்தைத் திறந்து வைத்து, ஏன் வடக்கே போகிறோம் என்று விளக்குவார். ஜூனில் ஜெட் காற்றோட்டம், அதாவது வெகு உயரத்தில் வேகமாக ஓடும் காற்று, கனடா எல்லைப் பக்கம் ஏறிவிடும், அதனால் டெக்சாஸ், ஓக்லஹோமாவில் கடை கட்டியாகிவிட்டது, இனி நெப்ராஸ்கா, இரண்டு டகோட்டாக்கள், மினசோட்டாதான். வெப்பத்துக்கும் ஈரப்பதத்துக்கும் அங்கே பஞ்சமில்லை, சோள வயல்கள் வேறு தம் பங்குக்கு ஈரத்தை விடுகின்றன. ஆனால் மேல்மட்டக் காற்று பல நாள் பலவீனமாக இருக்கும், அது இல்லாமல் மேகம் ஒழுங்காகச் சுழலாது. போதாததற்கு நடுவில் ஒரு சூடான காற்றடுக்கு உட்கார்ந்துகொண்டு கீழே இருப்பதை மேலே எழவிடாது. துரத்துகிறவர்கள் இதை ‘கேப்’ என்கிறார்கள். அது உடையாவிட்டால் அன்றைக்கு ‘பஸ்ட்’, அதாவது வெறுங்கை. எங்களுக்கும் அப்படி ஒரு நாள் வாய்த்தது: நெப்ராஸ்காவில் ஒரு பெட்ரோல் பங்க் வாசலில் மாலை வரை நீல வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

பாதுகாப்பில் அவர் விட்டுக்கொடுக்கவே இல்லை. தெற்கே தப்பிக்க இரண்டு சாலையாவது இருந்தால்தான் புயல் அருகே போவார், இருட்டினால் துரத்தல் முடிந்தது. வேனில் ஒருவர் “இன்னும் கொஞ்சம் பக்கத்தில் போகலாமே” என்று நச்சரித்தபோது ஓக்லஹோமாவில் உள்ள எல் ரெனோ என்ற ஊரைப் பற்றிச் சொன்னார். 2013 மே 31-ல் அங்கே டொர்னேடோ சட்டென்று திசை திரும்பி 4 கிலோமீட்டருக்கு மேல் அகலமாக விரிந்தது. டிம் சமாராஸ், அவர் மகன் பால், உடன் சென்ற கார்ல் யங் மூவரும் அதில் இறந்தார்கள். சமாராஸ் இந்தத் துறையில் அனுபவம் மிகுந்த ஆராய்ச்சியாளர். அதற்கப்புறம் நச்சரிப்பு இல்லை.

நல்ல நாள் தெற்கு டகோட்டாவில், 83-ம் எண் நெடுஞ்சாலையில் வந்தது. அந்தச் சாலையில்தான் விவியன் இருக்கிறது, 2010 ஜூலையில் 20 சென்டிமீட்டர் குறுக்களவுள்ள ஆலங்கட்டி விழுந்த ஊர். மேற்கே ஒரு சூப்பர்செல், அதாவது சுழலும் பெரிய இடிமேகம், தனியாக நின்றது. அடுக்கடுக்காக, ஒட்டுமொத்தமாக மெதுவாகத் திரும்பிக்கொண்டே. முதுகுப் பக்கமிருந்து வெதுவெதுப்பான காற்று அதை நோக்கி ஓட, சாலையோரப் புல் எல்லாம் மேகத்தைப் பார்த்துச் சாய்ந்து கிடந்தது. திடீரென்று அந்தக் காற்று நின்று, எதிர்ப்பக்கமிருந்து சில்லென்று அடித்ததும் “ஏறுங்கள், ஏறுங்கள்” என்று வழிகாட்டி கத்தினார். பிறகு புயல் கடந்த பாதையில் ஒரு ஆலங்கட்டியை எடுத்து உடைத்துக் காட்டினார், உள்ளே வெங்காயம் மாதிரி வளையம் வளையமாக இருந்தது. இரவு ஒன்பது தாண்டியும் வெளிச்சம் இருந்தது, சாலையில் எங்களைத் தவிர நாலைந்து கார்கள்தான். மே மாத ஓக்லஹோமாவில் துரத்துகிறவர்களாலேயே டிராஃபிக் ஜாம் ஆகும்.

டொர்னேடோ? பார்க்கவில்லை. அதில் எனக்கு வருத்தமில்லை, விளம்பரம் பற்றித்தான் எரிச்சல். எல்லாத் தேதிக்கும் ஒரே டொர்னேடோ படத்தைப் போட்டுவிட்டு, சீசன் கடைசியில் வாய்ப்பு குறையும் என்று ஒரு வரிகூட எழுதவில்லை. வாய்ப்பே இல்லை என்றும் சொல்ல முடியாதுதான். நெப்ராஸ்காவின் பில்ஜரில் ஒரே நேரத்தில் இரட்டை டொர்னேடோ சுழன்றது 2014 ஜூன் 16-ல். வடக்கு டகோட்டாவின் எண்டர்லினைத் தாக்கியது 2025 ஜூன் 20-ல், அதைப் பின்னர் டொர்னேடோ அளவுகோலின் உச்சத் தரமான இஎஃப்-5 என்று மதிப்பிட்டார்கள், 2013-க்குப் பிறகு அமெரிக்காவில் அந்தத் தரத்தில் அதுதான் முதல். இதையெல்லாம் உள்ளபடி எழுதினாலே ஆட்கள் வருவார்களே!

மற்ற குறைகள்: ஜன்னல் சீட்டை யாரும் மாற்றித் தரவில்லை, முதல் நாள் முந்தியவர்களுக்கே கடைசி வரை. சாப்பாடும் டிப்ஸும் நம் செலவு. சைவம் என்றால் பெட்ரோல் பங்க் சீஸ் பீட்சாவும் சிப்ஸும்தான், பையில் புளிக்காய்ச்சல் பாட்டில் இருந்ததால் தப்பித்தேன், மோட்டல் மைக்ரோவேவ் இருக்கவே இருக்கிறது.

மேகம் பார்க்கவே பிடிக்கும் என்றால் ஜூன் கடைசி தாராளமாகப் போகலாம். டொர்னேடோதான் குறி என்றால் ஒரு வருடம் பொறுத்து மே இரண்டாம் பாதிக்குப் பதியுங்கள். எப்போது போனாலும் ஒரு வேனில் எத்தனை பேர், சீட் தினமும் மாறுமா என்று பணம் கட்டும் முன்பே மின்னஞ்சலில் கேட்டுப் பதில் வாங்கிவிடுங்கள்.