மைக்செட்காரன் காதில் டிவி காமெடி போட்டிகள்: இருபது வருட அனுபவம்

தேவகோட்டையில் எனக்கு மைக்செட் தொழில். அப்பா குழாய் ஸ்பீக்கர் கட்டிய காலத்திலிருந்து வருகிற தொழில். கோயில் திருவிழா, கல்யாணம், பட்டிமன்றம், வள்ளி திருமணம் நாடகம் என்று மாசி, பங்குனியில் வீட்டில் தூங்கும் இரவு குறைவு. வேலை இல்லாத நாளில் நான் உட்கார்ந்து பார்ப்பது டிவி காமெடி போட்டிகளைத்தான். 2005-இல் விஜய் டிவியில் 'கலக்கப்போவது யாரு' வந்ததிலிருந்து, சன் டிவியின் 'அசத்தப்போவது யாரு', 2020-இல் அமேசான் பிரைமில் வந்த 'காமிக்ஸ்தான் செம்ம காமெடி பா' வரை பார்த்துவிட்டேன். தவறவிட்டதை யூடியூப்பில் பிடித்துவிடுவேன்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். இந்தப் போட்டிகள் வருவதற்கு முன்னால் எங்கள் பக்கத்தில் குரல் மாற்றிப் பேசத் தெரிந்த பையனுக்குப் போக்கிடம் எது? கல்லூரி ஆண்டு விழா, கல்யாண வீட்டுக் கச்சேரியில் நடுவில் பத்து நிமிடம், அவ்வளவுதான். சினிமாவுக்குப் போக வேண்டுமென்றால் சென்னையில் யாரையாவது தெரிந்திருக்க வேண்டும். யாரையும் தெரியாதவனுக்கும் ஒரு கதவைத் திறந்தது இந்தப் போட்டிதான். கவுண்டமணி, ஜனகராஜ் குரல்களைப் பேசிய கோவை குணா, வடிவேலுவாகவே மாறி நின்ற வடிவேல் பாலாஜி, ரோபோ சங்கர், மதுரை முத்து எல்லோரும் அந்த வழியாகத்தான் வீடு வீடாக வந்தார்கள். சிவகார்த்திகேயன் போட்டியாளராக நின்ற மேடையும் அதுதான். வடக்கே கபில் சர்மா 2007-இல் இதே மாதிரி ஓர் இந்திப் போட்டியில் ஜெயித்துத்தான் மேலே வந்தார். எங்களுக்குப் பக்கத்து ஊரான அறந்தாங்கியிலிருந்து நிஷா வந்து நின்றபோது என் வீட்டுப் பெண்கள் நிமிர்ந்து உட்கார்ந்து பார்த்தார்கள். ஆண்களே நிறைந்திருந்த மேடையில் நம் பக்கத்துப் பேச்சோடு ஒரு பெண் வந்து நின்றது சின்ன விஷயமில்லை.

இனி என் காதுக்குப் பட்டதைச் சொல்கிறேன்.

வள்ளி திருமணம் மாதிரி எங்கள் பக்கத்து மேடை நாடகத்தை ஸ்பெஷல் நாடகம் என்போம். அதில் முதலில் வருவது பபூன், கோமாளி வேடக்காரர். இரவு பத்து மணிக்கு மேல் தனியாக வந்து நிற்பார். ஆர்மோனியக்காரரிடமும் மிருதங்கக்காரரிடமும் வாயைக் கொடுத்தபடி கூட்டத்தைச் சேர்ப்பார். அந்த நேரம் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் மிக்ஸர் பெட்டி பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் எனக்குக் கூட்டத்தின் சிரிப்பு நன்றாகத் தெரியும். அது ஒரே நேரத்தில் வராது. முன்னால் பாயில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகள் முதலில் சிரிப்பார்கள். நடுவில் உள்ளவர்கள் பக்கத்தாளைப் பார்த்துவிட்டுச் சிரிப்பார்கள். டீக்கடை ஓரத்தில் நிற்பவர்களின் சிரிப்பு கடைசியாக வரும். சில சமயம் சிரிப்பே வராது. பபூன் ஒரு நொடி நின்று, மிருதங்கக்காரரைப் பார்த்து ஒரு வார்த்தை விடுவார். விழுந்தது எழுந்துவிடும். அந்த ஒரு நொடி மௌனத்தில்தான் அவர் எவ்வளவு பெரிய ஆள் என்பது தெரியும்.

டிவியில் அந்த மௌனத்தை வெட்டி எறிந்துவிடுகிறார்கள். ஒரு நிகழ்ச்சியில் ஒரே எபிசோடை இரண்டு முறை ஹெட்போன் மாட்டிக் கேட்டேன். ஒரு பெண்ணின் குரல், 'ஹூ' என்று ஆரம்பித்துக் கீழே இறங்கும் சிரிப்பு, மூன்று போட்டியாளர்களுக்கும் அச்சு மாறாமல் வந்தது. நடுவர் கைக்குட்டையால் கண்ணைத் துடைக்கும் காட்சியையும் இரண்டு இடத்தில் ஒட்டியிருந்தார்கள். பதிந்து வைத்த சிரிப்பைச் சேர்ப்பது புதிதில்லை. 1950-களிலேயே அமெரிக்காவில் சார்லஸ் டக்ளஸ் என்ற ஒலிப் பொறியாளர் அதற்கென்று ஒரு பெட்டியே செய்துவிட்டார். தட்டச்சு மாதிரி விசையை அழுத்தினால் விதவிதமான சிரிப்பு வரும். ஒரு நாடகத் தொடருக்கு அது பரவாயில்லை. போட்டிக்கு எப்படிச் சரியாகும்? யார் சிரிக்க வைத்தார்கள் என்பதுதானே போட்டி! சுமாராகப் பேசியவருக்கும் பிரமாதமாகப் பேசியவருக்கும் ஒரே அளவு சிரிப்பை ஊற்றிவிட்டால் வீட்டில் இருக்கிற நாம் எதை வைத்து முடிவு செய்வது?

முடிவு யார் கையில் என்பதும் எல்லா ஊரிலும் இருக்கிற பிரச்சினை. அமெரிக்காவின் 'லாஸ்ட் காமிக் ஸ்டாண்டிங்' போட்டியில் 2004-இல் இறுதிச் சுற்றுக்கு ஆள் எடுத்தபோது, நடுவராக இருந்த ட்ரூ கேரியும் ப்ரெட் பட்லரும் தாங்கள் தேர்ந்தெடுத்தவர்கள் இவர்கள் இல்லை என்று வெளிப்படையாகவே சொன்னார்கள்.

அடுத்தது வாராவாரம் புதுசு கேட்பது. எனக்கு இதுதான் பெரிய வருத்தம். முதல் இரண்டு மூன்று சுற்றில் ஒருவர் பேசுவது அவர் ஐந்தாறு வருடம் பேசிப் பேசித் தேய்த்து மெருகேற்றிய ஐட்டம். அது தீர்ந்ததும் ஏழு நாளில் இன்னொன்று வேண்டும். எட்டாவது வாரத்தில் அவர் பேசுவது அவருடைய பேச்சாகவே இருக்காது. யாரோ எழுதிக் கொடுத்ததை ஒப்பிப்பது கண்ணிலேயே தெரியும். அப்போதுதான் பெண் வேடம், குண்டு, கறுப்பு, மனைவியின் சமையல் என்று எளிதாகக் கிடைப்பதில் கையை வைக்கிறார்கள். ஒரு நாள் இரவு கறுப்பு நிறத்தைப் பற்றி வரிசையாக நாலு ஜோக் ஓடியது. என் மகள் நல்ல கறுப்பு. அப்போது எட்டாம் வகுப்பு. ஒன்றும் சொல்லாமல் எழுந்து தண்ணீர் குடிக்கப் போனாள், அந்த ஐட்டம் முடியும்வரை அடுப்படியிலிருந்து வரவில்லை. மறுநாள் பள்ளிக்கூடத்தில் அதையே யாரோ அவளிடம் சொல்லிக் காட்டியிருக்கிறார்கள். அன்றிலிருந்து அந்த மாதிரி ஐட்டம் வந்தால் நான் சேனலை மாற்றிவிடுகிறேன். எவ்வளவு திறமையாகச் செய்தாலும் சரி.

என்னிடம் கேபிள் இழுக்க வந்த ஒரு தம்பியின் கதையையும் சொல்ல வேண்டும். செட்டிநாட்டுக் கல்யாண வீட்டைப் பற்றிப் பன்னிரண்டு நிமிடம் பேசுவான். வளவில், அதாவது வீட்டு நடு முற்றத்தைச் சுற்றிய இடத்தில், பரப்பி வைத்த சீர் சாமானை எண்ணும் ஆச்சி, தூணுக்குத் தூண் தலையணை போட்டு இடம் பிடிக்கும் சொந்தக்காரர்கள், மூன்றாம் பந்தியில் பலகாரம் தீர்ந்ததை மறைக்கப் பரிமாறுகிறவர் காட்டும் முகம். கானாடுகாத்தானில் ஒரு கல்யாணத்தில் இதைக் கேட்டு அந்த வீட்டு ஆச்சியே தூணைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அவனை ஒரு சேனலில் தேர்வுக்குக் கூப்பிட்டார்கள். பன்னிரண்டு நிமிடம் மூன்று நிமிடமானது. வளவு என்றால் எல்லோருக்கும் புரியாது, ஹால் என்று சொல் என்றார்களாம். கடைசியில் ஒரு நடிகர் குரலில் பேசச் சொன்னார்கள். "அண்ணே, நான் பேசினதுல என் குரலே இல்லண்ணே" என்றான். அந்தச் சுற்றோடு வந்துவிட்டான். 1939-இல் சா. கணேசன் கம்பன் கழகம் தொடங்கிய காரைக்குடி இங்கே பக்கத்தில்தான். மணிக்கணக்கில் உட்கார்ந்து பேச்சுக் கேட்கும் ஜனம் இது. இங்கிருந்து போனவனுக்கு மூன்று நிமிடம் எந்த மூலைக்குக் காணும்?

'காமிக்ஸ்தான்' இந்த விஷயத்தில் பரவாயில்லை. ஒரு ஆள், ஒரு மைக், தன் சொந்த அனுபவம் என்று பேச விட்டார்கள். பிரவீன் குமார், கார்த்திக் குமார், ராஜ்மோகன் மூவரும் எங்கே சறுக்கியது என்று தொழில் தெரிந்து சொன்னார்கள். வெறுமனே "சூப்பர்" என்று சொல்லும் நடுவர்களையே பார்த்துப் பழகிய எனக்கு அது புதிதாக இருந்தது. ஆனால் பேச்சு பெரும்பாலும் சென்னைப் பேச்சு, நடுநடுவே இங்கிலீஷ். என் அம்மா பத்து நிமிடத்தில் எழுந்து போய்விட்டார். 'கலக்கப்போவது யாரு' என்றால் முழுசாக உட்காருவார்.

இப்போது நான் எந்த சீசன் வந்தாலும் முதல் நாலைந்து வாரம் கட்டாயம் பார்க்கிறேன். புதிய ஆட்களின் சொந்தச் சரக்கு அங்கேதான் இருக்கிறது. நடுவில் விட்டுவிடுகிறேன். இறுதிச் சுற்று ஆட்டம் பாட்டத்திலேயே போய்விடுகிறது, அதற்காகக் கண் விழிப்பதில்லை. யாராவது மனதில் நின்றால் அவர் தனியாக மேடையில் பேசிய வீடியோவைத் தேடி, வெட்டாத நீள வீடியோவாகப் பார்த்து எடுக்கிறேன்.

அந்தத் தம்பி இந்தப் பங்குனியில் ஒரு கோயில் மேடையில் நாடகத்துக்கு முன்னால் இருபது நிமிடம் பேசினான். செட் என்னுடையதுதான். வளவு என்றே சொன்னான். ஒரு இடத்தில் கூட்டம் சிரிக்கவில்லை, மைக்கை விட்டு ஒரு அடி பின்னால் போய் நின்றான். நான் வால்யூமைத் தொடவில்லை. டீக்கடைப் பக்கத்திலிருந்து ஒருவர் சிரிக்க ஆரம்பித்தார்.