சுங்கை சிப்புட் வீட்டு ஃபைபருக்கு எந்த டிஎன்எஸ்? 1.1.1.1, 8.8.8.8, 9.9.9.9 ஓர் அலசல்

டிஎன்எஸ் என்பது தளத்தின் பெயரைக் கேட்டால் அதன் ஐபி முகவரியைச் சொல்லும் சேவை. 1.1.1.1 கிளவுட்ஃபிளேர் நிறுவனத்துடையது, 8.8.8.8 கூகுளுடையது, 9.9.9.9 குவாட்9 அமைப்புடையது. மலேசியாவின் பேராக் மாநிலத்தில் உள்ள சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புற ஊரில் என் முதல் தேர்வு 1.1.1.1. ஆனால் சோதித்துப் பார்க்காமல் போடாதீர்கள்.

இந்த மூன்றுமே எனிகாஸ்ட் முகவரிகள். ஒரே ஐபியைப் பல நாட்டு சர்வர்கள் ஒரே நேரத்தில் பிஜிபி (இணைய நிறுவனங்கள் பாதைகளைப் பரிமாறும் முறை) வழியாக அறிவிக்கின்றன. உங்கள் கேள்வி எந்த சர்வருக்குப் போகும் என்பது உங்கள் இணைய நிறுவனத்தின் ரவுட்டர்கள் கையில். அவை கிலோமீட்டரைப் பார்ப்பதில்லை. யாரோடு எங்கே இணைப்பு இருக்கிறது என்றுதான் பார்க்கும். கிளவுட்ஃபிளேருக்குக் கோலாலம்பூரிலேயே மையம் உண்டு. அப்படியிருந்தும் உங்கள் கேள்வி சிங்கப்பூர் போய்த் திரும்பலாம். வேறு நிறுவனத்தில் சந்தா கட்டும் பக்கத்து வீட்டுக்காரருக்கு நிலைமை வேறாக இருக்கும்.

உலாவியில் 1.1.1.1 என்று அடித்து, சாய்கோடு போட்டு 'ஹெல்ப்' சேருங்கள். வரும் பக்கத்தில் மையத்தின் குறியீடு இருக்கும்: கேயுஎல் என்றால் கோலாலம்பூர், எஸ்ஐஎன் என்றால் சிங்கப்பூர். அடுத்தது பிங், அதாவது சர்வருக்குப் போய்த் திரும்ப ஆகும் நேரத்தை அளக்கும் கட்டளை. வைஃபை வேண்டாம், கேபிள் போட்டுச் செய்யுங்கள். ஃபைபரில் 100 கிலோமீட்டர் போய்வர ஏறக்குறைய 1 மில்லிவினாடி ஆகும். 10 வந்தால் சர்வர் 1000 கிலோமீட்டருக்குள்தான் இருக்கிறது. 60-ஐத் தாண்டினால் பாதை எங்கோ சுற்றுகிறது; எங்கே என்று, வழியில் உள்ள ரவுட்டர்களைப் பட்டியலிடும் டிரேஸ்ரூட் கட்டளை காட்டிக்கொடுக்கும்.

பிங் நன்றாக இருப்பதை மட்டும் நம்பிவிட வேண்டாம். இணைய நிறுவனம், டிஎன்எஸ் வழக்கமாகப் போகும் போர்ட் 53 கேள்விகளை மட்டும் தன் சர்வருக்குத் திருப்பினாலும் பிங் சரியான இடத்துக்கே போகும். 2024 செப்டம்பரில் மலேசியாவில் அரசு உத்தரவின் பேரில் இப்படித் திருப்பினார்கள். எதிர்ப்பு வந்ததும் அந்த உத்தரவு கைவிடப்பட்டது. ஹெல்ப் பக்கம் '1.1.1.1-உடன் இணைப்பு இல்லை' என்று சொன்னால் முதலில் ரவுட்டர் அமைப்பைப் பாருங்கள். அது சரியாக இருந்தால் திருப்பிவிடுகிறார்கள் என்றே சந்தேகப்படலாம். உலாவியில் மறைகுறியிட்ட டிஎன்எஸ்ஸை இயக்குங்கள்; அது போர்ட் 443-இல் போகும்.

8.8.8.8-க்கு ஒரு பலம் உண்டு. உங்கள் ஐபியின் முன்பகுதியை அது தளங்களின் டிஎன்எஸ் சர்வருக்குச் சொல்லும். 1.1.1.1 தனியுரிமை கருதிச் சொல்லாது. அதனால் கேள்வி சிங்கப்பூர் போனால், சில வீடியோ தளங்கள் உங்களைச் சிங்கப்பூர்வாசி என்று எண்ணி அங்கிருந்தே அனுப்பும். உங்களுக்கு எஸ்ஐஎன் வந்து வீடியோவும் திணறினால் 8.8.8.8-க்கு மாறுங்கள்.

9.9.9.9 தீங்கான தளங்களைத் தடுக்கும். பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு நான் தயங்காமல் சொல்வது இதைத்தான். இதற்குத் துணையான இரண்டாவது முகவரியாக 1.1.1.1-ஐப் போடாதீர்கள். சாதனங்கள் இரண்டில் எதை வேண்டுமானாலும் கேட்கும் என்பதால் தடுப்பு பாதி நேரம் வேலை செய்யாது. அதே வேலையைச் செய்யும் 1.1.1.2-ஐப் போடுங்கள். நிறுவனம் வேறு என்பதால் ஒன்று விழுந்தாலும் மற்றது நிற்கும்.

செம்பனை லாரி கேபிளை அறுத்துவிட்டால் எந்த எனிகாஸ்ட்டும் உதவாது. அது உங்கள் வீட்டுக்கு வரும் ஒற்றை வழி.

முகவரிகளை ரவுட்டரின் டிஎச்சிபி (சாதனங்களுக்கு இணைய அமைப்புகளைத் தரும் பகுதி) பக்கத்தில் மாற்றி, ஒவ்வொரு சாதனத்தையும் வைஃபையிலிருந்து துண்டித்து மீண்டும் இணையுங்கள். ஐபிவி6 இயங்கினால் அங்கேயும் மாற்ற வேண்டும், 1.1.1.1-க்கு அது 2606:4700:4700::1111. இதை விட்டுவிட்டால் கைப்பேசிகள் பழைய சர்வரையே கேட்டுக்கொண்டிருக்கும்.