தங்கப் பாக்கெட் வாட்ச்: ஏலமா, முனீஸ்வரன் கோவில் தெருவா, எடைக்குப் போடுவதா?

செட்டிநாட்டு வீட்டில் பாகம் பிரிக்கும்போது பெட்டகத்தின் அடியிலிருந்து ஒரு தங்கப் பாக்கெட் வாட்ச் வெளியே வந்தால், அதை எங்கே விற்பது என்பதில் உடனே மூன்று கட்சி உருவாகிவிடும். சிங்கப்பூரில் இருக்கும் பேரன் லண்டன் ஏலத்துக்கு அனுப்பலாம் என்பான். உள்ளூர்ச் சித்தப்பா, பழம்பொருள் கடைகள் இருக்கும் காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவுக்குக் கொண்டுபோகச் சொல்வார். ஆச்சி, "எடைக்குப் போட்டு ஆளுக்குப் பாதியா எடுத்துக்கிட்டுப் போங்கப்பா" என்று பேச்சை முடித்துவிடுவார். மூன்றிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் மூன்றும் ஒரே வாட்சுக்குப் பொருந்தாது.

ஏலம்தான் உசத்தி என்ற நினைப்புக்குக் காரணம் பத்திரிகைச் செய்திகள். 2024 ஏப்ரலில் இங்கிலாந்தில் ஒரு பாக்கெட் வாட்ச் ஏலம் போனது. டைட்டானிக் கப்பலில் இறந்த கோடீஸ்வரர் ஜான் ஜேக்கப் ஆஸ்டருடையது. சுத்தியல் விழுந்தது 9 லட்சம் பவுண்டுக்கு. கமிஷனும் வரியும் சேர்ந்து வாங்கியவர் கொடுத்தது 11 லட்சத்து 75 ஆயிரம் பவுண்டு. இத்தனைக்கும் அது 14 காரட் தங்கம், அமெரிக்க வால்தம் கம்பெனியின் வாட்ச். வால்தம், வாட்சுகளைத் தொழிற்சாலையில் லட்சக்கணக்கில் செய்து தள்ளிய கம்பெனி. அப்படியானால் அந்த விலை எதற்கு? மூடியில் அவர் பெயரின் முதலெழுத்துகள் இருந்தன. கடலிலிருந்து உடலை மீட்டபோது எழுதிய பொருள் பட்டியலில் தங்க வாட்ச் என்று பதிவும் இருந்தது. அதாவது, விலை போனது பட்டியல்.

நம் ஊர்க்காரர்களுக்கு இதில் ஒரு அனுகூலம் உண்டு. நகரத்தார் எழுதாத கணக்கா? ரங்கூன் கடைப் பேரேடு, கல்யாணச் சாமான் சிட்டை, பாகப்பிரிவினைப் பட்டியல் என்று எல்லாவற்றையும் எழுதி வைத்தவர்கள். அவற்றில் எங்காவது "தங்கக் கடியாரம் 1" என்று ஒரு வரி இருந்து, வாங்கிய கடையின் ரசீதோ வாட்சைச் சட்டையில் தொங்கவிட்டுக்கொண்டு எடுத்த போட்டோவோ கூட இருந்தால், வாட்சின் மதிப்பு தங்கத்தை விட்டு விலகி வேறு இடத்துக்குப் போய்விடும். வாய்க்கதைக்கு அந்த வேலை ஆகாது. 1942-ல் ரங்கூன் ஜப்பானியர் கைக்குப் போனபோது அய்யா இடுப்பில் முடிந்துகொண்டு நடந்தே வந்த வாட்ச் என்று எல்லா வீட்டிலும் சொல்கிறார்கள். சில வீட்டில் உண்மையாகவும் இருக்கும். ஏலக்காரர் கேட்பது காகிதம்.

சரி, எந்த வழியில் போனாலும் முதலில் வாட்சைத் திறந்து பார்க்க வேண்டும். பின்மூடியின் விளிம்பில் சின்ன உதடு போல ஒரு மேடு இருக்கும். அங்கே நகத்தை வைத்து நெம்பினால் திறந்துகொள்ளும். கத்தி வேண்டாம், தங்கத்தில் கோடு விழும். உள்ளே லென்ஸ் வைத்துப் பார்த்தால் முத்திரைகள் தெரியும். கிரீடமும் 18-உம் இருந்தால் இங்கிலாந்துத் தங்கம். பக்கத்தில் சிறுத்தைத் தலை இருந்தால் லண்டனிலும், நங்கூரம் இருந்தால் பர்மிங்ஹாமிலும் சோதித்தது. கூடவே நிற்கும் ஒற்றை எழுத்து எந்த வருஷம் என்று சொல்லும். ஸ்விஸ் தங்கம் என்றால் 18 காரட்டுக்கு ஒரு பெண்ணின் தலை, 14 காரட்டுக்கு அணில். ஸ்விஸ் நாட்டின் 1880 சட்டத்துக்குப் பிறகு வந்த முத்திரைகள் இந்த இரண்டும்.

ஏமாறும் இடம் இன்னொன்று. "20 வருஷ உத்தரவாதம்", "25 வருஷ உத்தரவாதம்" என்று ஆங்கிலத்தில் பொறித்திருந்தால் சந்தோஷப்பட வேண்டாம். அது முழுத் தங்கம் இல்லை. பித்தளை மேல் தங்கத் தகடு ஒட்டிய கூடு. அந்தத் தகடு எத்தனை வருஷம் தேயாமல் தாங்கும் என்பதற்குத்தான் உத்தரவாதம். பக்கத்தில் 14 என்று இருந்தாலும் கதை மாறாது. மேலாக உரசினால் உரைகல்லும் தங்கம் என்றே சொல்லும். கீல், மேல் வளையம், மூடியின் ஓரம் ஆகிய இடங்களைப் பாருங்கள். நூறு வருஷம் விரல் பட்ட இடத்தில் பித்தளை பல் இளிக்கும்.

இப்போது எடைக்குப் போடும் வழி. இதைக் கேவலமாகப் பேசுவது வழக்கம். தங்கம் இன்று நிற்கும் விலையில் அப்படிப் பேச முடியாது. மெஷினையும் கண்ணாடியையும் கழற்றிய பிறகு கூடு மட்டும் 40 கிராம், 18 காரட் என்று வைத்துக்கொள்வோம். சுத்தத் தங்கம் 30 கிராம். 22 காரட் நகைக் கணக்கில் நாலு பவுனுக்குக் கொஞ்சம் மேலேயே வரும். பணமும் அன்றைக்கே கைக்கு வரும். ஆனால் கடைக்காரர் முழு வாட்சையும் தராசில் வைத்து "இரும்பு, கண்ணாடிக்கு இவ்வளவு கழிச்சுக்கிறேன்" என்று சொன்னால் ஒத்துக்கொள்ளக் கூடாது. கழற்றித்தான் நிறுக்க வேண்டும். உள்மூடி பல வாட்சில் தங்கமில்லை, பித்தளை. அதையும் தனியாகப் பார்க்க வேண்டும்.

இதற்கு எதிரில் ஏலத்தை வைத்துப் பாருங்கள். பெயர் தெரியாத ஸ்விஸ் 18 காரட் வாட்சுகள் ஏலத்திலும் பெரும்பாலும் தங்க விலையை ஒட்டியே போகின்றன. 100 ரூபாய்த் தங்கத்துக்கு ஏலத்தில் 110 கேட்டார்கள், விற்பவர் கமிஷன் 15 சதவீதம் என்றால், கைக்கு வருவது 93 ரூபாய் 50 காசு. அதுவும் சில மாதம் காத்திருந்து. வாங்குபவர் தலையிலும் தனியாக ஒரு கமிஷன் விழும். அவர் அதைக் கணக்குப் போட்டுத்தான் கை தூக்குவார். விற்காமல் திரும்பி வந்தாலோ, அடுத்த முறை அதே வாட்சைப் பார்ப்பவர்கள் "இது போகாத சரக்கு" என்று முகம் சுளிப்பார்கள். இந்த ரகத்துக்கு ஆச்சி சொன்னதுதான் சரி.

லண்டன், ஜெனீவா என்று கனவு காண்பவர்களுக்கு இன்னொரு தடை. நூறு வருஷம் தாண்டிய பொருளைத் தனி ஆள் வெளிநாட்டுக்கு அனுப்புவதற்கு 1972-ஆம் வருஷத் தொல்பொருள், கலைக் கருவூலச் சட்டம் குறுக்கே நிற்கும். இந்தியத் தொல்லியல் துறையிடம் தொல்பொருள் அல்ல என்று சான்று வாங்காமல் கிளப்பினால் சுங்கத்தில் மாட்டிக்கொள்ளும். பேரன் பையில் போட்டுக்கொண்டு போகட்டும் என்ற யோசனை இன்னும் மோசம். மும்பையில் சாஃப்ரான்ஆர்ட் போன்ற ஏல நிறுவனங்கள் உள்நாட்டிலேயே ஏலம் விடுகின்றன. எனக்குக் கேட்டால் முதலில் அங்கே போட்டோ அனுப்பி மதிப்பீடு கேட்பதுதான் புத்தி. அவர்கள் மறுத்துவிட்டால், அதுவும் ஒரு மதிப்பீடுதான்.

ஏலத்துக்கென்றே பிறந்த வாட்சுகளும் உண்டு. படேக் பிலிப் என்ற ஸ்விஸ் கம்பெனியின் வாட்ச், மணியடிக்கும் ரிப்பீட்டர், நாள்காட்டி காட்டும் சிக்கலான மெஷின் எல்லாம் அந்த ரகம். லாஞ்சின்ஸ் என்ற ஸ்விஸ் கம்பெனியின் வாட்ச் என்றால் மெஷினில் இருக்கும் நம்பரைக் கம்பெனிக்கு அனுப்பினால் போதும். செயின்ட் இமியே ஊரில் கையால் எழுதிய பேரேடுகளை இன்னும் வைத்திருக்கிறார்கள். எந்த வருஷம், எந்த வியாபாரிக்குப் போனது என்று பார்த்துச் சொல்வார்கள். அந்தப் பேரேட்டு வரியும் நம் வீட்டுச் சிட்டையின் வரியும் ஒத்துப்போனால், பிறகு விலையைப் பற்றி ஏலக்காரர்தான் பேச வேண்டும், நாம் இல்லை.

முனீஸ்வரன் கோவில் தெரு இந்த இரண்டுக்கும் நடுவில் வருகிறது. தேக்குத் தூண், எனாமல் அடுக்கு, ரவிவர்மா படம், சுவர்க் கடிகாரம் என்று அந்தக் கடைகள் வாழ்வது பார்வைக்கு அழகான சாமானை வைத்து. ஹோட்டலுக்கு அலங்காரம் தேடி வருபவரும், ஊர் பார்க்க வந்தவரும்தான் முக்கிய வாடிக்கை. அவர்கள் காரட் பார்ப்பதில்லை. தங்கத் தகடு கூடு, வெள்ளிக் கூடு, டயலில் முடிக்கீறல் விழுந்தது, ஓடாதது, மெட்ராஸ் மவுண்ட் ரோடு கடிகாரக் கடையான பி. ஆர் அண்ட் சன்ஸ் என்று டயலில் பெயர் எழுதியது எல்லாம் இங்கேதான் விலை போகும். நகைக்கடையில் இவற்றைத் தொடக்கூட மாட்டார்கள். ஏலத்தில் செலவுக்குக் கட்டாது. ஆனால் முழுத் தங்க வாட்சை இங்கே கொண்டுபோவது எனக்குப் பிடிக்கவில்லை. கடைக்காரர் மனதுக்குள் எடைக்கணக்கைப் போட்டு, அதற்குக் கீழே ஒரு விலை சொல்வார். அவர் பிழைப்பு அது. இன்னொன்று, வாட்சைத் தனியாகப் பேசுங்கள். நாலு பித்தளை அண்டா, ரெண்டு ஜாடியோடு கூறு கட்டிப் பேசினால் வாட்சின் விலை எங்கே போனது என்றே தெரியாது.

தெருவிலும் ஏலத்திலும் "கூடும் மெஷினும் சேரவில்லை, நம்பர் வேற" என்று விலையைக் குறைப்பார்கள். இங்கிலாந்து வாட்சில் அது நியாயமான குறை. அமெரிக்க வாட்சில் இல்லை. அங்கே மெஷின் ஒரு கம்பெனி, கூடு ஒரு கம்பெனி; கடையில்தான் சேர்த்துப் போட்டு விற்றார்கள். நம்பர் பொருந்தாதது அங்கே இயல்பு.

எங்கே போனாலும் பாலிஷ் மட்டும் போடாதீர்கள். மூடியில் இருக்கும் செதுக்கு வேலை மழுங்கினால் ஏலக்காரர் கீழே வைத்துவிடுவார். பங்காளிகள் எல்லோருடைய சம்மதத்தையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். நல்ல ஏல நிறுவனம் யாருடைய உடைமை என்று கேட்காமல் பொருளை எடுக்காது. கடைசியில் எடைக்கே போடுவதென்று முடிவானால், கழற்றிய மெஷினையும் டயலையும் முள்ளையும் கடையில் விட்டுவராமல் ஒரு டப்பாவில் போட்டு வாங்கி வாருங்கள். இதே ரக வாட்சை ரிப்பேர் பார்க்கிறவர்கள் உதிரிப் பாகத்துக்கு அலைகிறார்கள். அதற்குத் தனியாகக் காசு உண்டு.